1007

ஆங் மிங்கலா பஸ் நிலையம். விடிகாலை மூன்று.
ஐந்து மணி மௌல்மேன் பஸ்ஸுக்கு
டிக்கெட் அடிக்க மறுக்கிறது சர்வர்.
டிஸ்க்கில் இடமில்லையாம்.
நூற்றுக்கு நூறு,
பரீட்சையில் ஒருநாளும் நான் வாங்காத மார்க்.

டி.எஃப்பைக் கேட்டால்
நிரம்பிவிட்டது என்கிறது.
டி.யூவோ ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துவிட்டு
பாதிக்குமேல் வீடு காலி என்கிறது.
இரண்டும் பொய் சொல்லாது.
ஒன்று இடத்தை எண்ணுகிறது,
மற்றது பெயர்களை.
நடுவில் அறுபத்தோரு ஜிபி
பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் நான் அழித்த லாக்தான் அது.
அழித்ததாக நினைத்தேன்.
யூனிக்ஸில் அழிப்பதெல்லாம்
பெயரை எடுப்பதோடு சரி.
பிடித்திருக்கும் கடைசிக் கை விடும்வரை
பண்டம் கிடந்த இடத்தில் கிடக்கும்.

எனக்கு இது புரியாத சங்கதி இல்லை.
வீட்டில் தில்லைநாயகி, அடையாள அட்டையில் தாண்டார் வின்.
ஒரே கோப்பு, இரண்டு பெயர்.
ஒன்றை யாராவது அடித்துவிட்டாலும்
மற்றொன்றைச் சொல்லி அரிசி வாங்கலாம்.

கை யாருடையது என்று தேடினேன்.
பட்டியலில் பெயர் வரவேண்டிய இடத்தில்
வெறும் எண்:
1007.

வடமலை.

எட்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை
டிபன் கேரியரை மேசைமேலேயே விட்டுவிட்டு
எல்லை தாண்டியவன்.
எந்த எல்லை என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
திங்களன்று மேனேஜர் ஊ சோ நைங்
கதவைச் சாத்திவிட்டு,
அவன் கணக்கை எடு என்றார்.
எடுத்தது நான்.
இவன் பெயரில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று
மெஷின் ஒருமுறை சொன்னது.
கட்டாயம் என்பதற்கான ஓர் எழுத்தைச் சேர்த்து
மறுபடி அடித்தேன்.
கேரியரைக் கழுவி வைத்ததும் நான்தான்.

அவன் பிடித்திருந்த கை வழியாகவே உள்ளே நுழைந்து
இன்னொரு ஜன்னலில் டெயில் போட்டேன்.
நொடிக்கொரு தரம் யுபிஎஸ்ஸின் நாடி பிடித்து
வோல்டேஜ், பேட்டரி, சூடு எல்லாம் கொட்டி
அடியில் ஆங்கில எழுத்தில் தமிழ்,
மேனேஜர் படிக்கக் கூடாதென்றோ
சும்மா விளையாட்டுக்கோ:

மின்சாரம் இல்லை
மின்சாரம் இல்லை
மின்சாரம் இல்லை
மின்சாரம் வந்திருச்சு
மின்சாரம் இல்லை

யாங்கோனின் எட்டு மாத இருட்டு,
ஒரு நொடி விடாமல்.
ஊரே அணைந்தபோதும் இந்தப் பெட்டி அணையவில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியது யார் என்கிறீர்கள்?

கில் என்பதிலும் மரியாதை உண்டு.
ஒன்பது போட்டால் வாய் திறக்க நேரமிருக்காது.
பதினைந்து என்றால் கதவைத் தட்டி,
கிளம்புப்பா, நேரமாச்சு.
பதினைந்து போட்டேன்.

பட்டியலிலிருந்து 1007 போயிற்று.
ஜன்னலில் மட்டும் புதிதாக ஒரு வரி:

மின்சாரம் இருக்கு. நிறுத்தச் சொன்னது யாரு?

என்றோ எழுதி வைத்திருக்கிறான்,
தட்டுகிறவர்களுக்காக.

டி.எஃப் அடித்தேன்.
நூறு.
மறுபடி அடித்தேன்.
நூறேதான்.
செத்தவன் கையிலிருந்து எப்படி என்று
மறுபடி பட்டியலை எடுத்தால்
அதே கோப்பு, அதே அறுபத்தோரு ஜிபி.
பிடித்திருப்பவர்: தாண்டார்.

என் டெயில். என் ஜன்னல்.
இப்போது அது நான் பார்ப்பதால் மட்டும் இருக்கிறது.

பதில் டைப் செய்ய வழியில்லை,
டெயிலுக்குப் படிக்கத்தான் தெரியும்.

கண்ணாடியைத் தட்டுகிறான் கண்டக்டர் பையன்,
கன்னத்தில் நேற்றைய தனக்கா காய்ந்திருக்க.
மமா, ஆள் எல்லாம் வந்துட்டாங்க.
மொஹிங்காக் கடையின் புகை அவனோடு உள்ளே வருகிறது.

இன்னொரு தடவை படித்தேன்.
நான்தான் என்றேன், சத்தமாகவே.
என்ன மமா என்றான்.

கன்ட்ரோல், சி.

முப்பத்தெட்டு.
பிரிண்டர் இருமிவிட்டு
முதல் டிக்கெட்டைத் துப்பியது:
சீட் ஏழு, ஜன்னலோரம்,
பெயர் தெளிவாக விழவில்லை.